புதுச்சேரி வீட்டில் செடித்தொட்டியும் டிஸ்கஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு லாஸ்பேட்டையில். கூடத்தில் நாலு அடி மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே செடிகள், ஒரு வேர்க்கட்டை, ஆறு டிஸ்கஸ் மீன்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேள்வியை ஆரம்பித்துவிடுகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தம்பி மகன் போனில் கேட்டே பாதித் தொட்டியை அமைத்துவிட்டான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

டிஸ்கஸ் வளர்ப்பது ரொம்பக் கஷ்டமாமே?

மீன் கஷ்டமில்லை, தண்ணீர்தான் கஷ்டம். 300 லிட்டர் தொட்டியில் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் 100 லிட்டர். எட்டுக் குடம் வெளியே போக வேண்டும், எட்டுக் குடம் உள்ளே வர வேண்டும். அதையும் சூடு பார்த்து, உப்புப் பார்த்து ஊற்ற வேண்டும். நான் வாரத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன். மீன் வாங்குவதற்கு முன்பு வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தண்ணீரை யார் மாற்றுவது? அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் கப்பி என்ற சின்ன மீனை வளர்க்கலாம். கப்பியும் அழகுதான்.

டிஸ்கஸின் சொந்த ஊர் அமேசான் ஆற்றுப்படுகை. ரியோ நெக்ரோ போன்ற கிளையாறுகளில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அதில் உப்பும் சுண்ணாம்பும் ஏறக்குறைய கிடையாது. 1840-ல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் இந்த மீனை முதலில் விவரித்து எழுதினார். இன்று கடையில் கிடைப்பவை பல தலைமுறைகளாகப் பண்ணையில் பிறந்தவை. அதனால் ஆற்று மீன் அளவுக்கு முரண்டு பிடிக்காது. ஆனாலும் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பு, சுத்தம், அமைதி மூன்றையும் விட்டுக்கொடுக்காது.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

வளர்ந்த மீன் ஆறு அங்குலத்தைத் தாண்டும். தட்டு மாதிரி உயரமும் இருக்கும். ஒரு மீனுக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகவோ ஜோடியாகவோ விட்டால் மிரளும், இல்லையென்றால் ஒன்றை ஒன்று விரட்டும். ஐந்தாறு சேர்ந்தால்தான் அடியும் பயமும் பிரிந்து போகும். ஆக, 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்றால் 12 கன அடிக்குச் சுமார் 340 லிட்டர். மணல், கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 300 நிற்கும்.

ஸ்டாண்டுக்கு ஒரு வார்த்தை. கடல்காற்று அடிக்கும் ஊர் இது. இரும்பு ஆங்கிளில் செய்தால் வெல்டிங் இணைப்புகளில் இரண்டு கோட் பெயிண்ட் கேட்டு வாங்குங்கள். முத்தியால்பேட்டையில் கடலை ஒட்டிய ஒரு வீட்டில் மூன்றே வருடத்தில் கால் பொடிப்பொடியாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாடியில் வைக்கலாமா?

கான்கிரீட் தளம் என்றால் சுவரை ஒட்டி, பீம் போகும் இடமாகப் பார்த்து வைக்கலாம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது தேக்கு உத்தரம் போட்டுச் செங்கல் அடுக்கிய தளம் என்றால் வேண்டாம். கண்ணாடி, மணல், தண்ணீர் சேர்ந்து 400 கிலோவுக்கு மேல் போகும்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா?

இதற்கு ஊர் முழுக்கப் பொருந்தும் பதில் கிடையாது. கடலோரத் தெருக்களில் போரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. உள்ளே தள்ளிச் செம்மண் மேட்டுப் பக்கம் போனால் தண்ணீர் மென்மையாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு தெருவில் இரண்டு விதமாகவும் இருக்கும். முதல் வேலையாக, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும், பி.எச். (அமில காரத் தன்மை), கடினத்தன்மை பார்க்கும் சொட்டுமருந்துக் கிட்டும் வாங்குங்கள். மீனுக்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான் இவைதான்.

எங்கள் போரில் டி.டி.எஸ். 800 காட்டுகிறது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் 40. எனக்கு வேண்டியது 180-க்குப் பக்கம். கணக்குப் போட்டால் 100 லிட்டரில் 18 லிட்டர் போர், மீதி 82 லிட்டர் ஆர்.ஓ. முதல் நாள் இரவே பிளாஸ்டிக் டிரம்மில் கலந்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனும் ஒரு ஹீட்டரும் போட்டு வைத்துவிடுவேன். காலையில் தொட்டிக்கும் டிரம்முக்கும் சூடு இரண்டு டிகிரிக்குள் இருந்தால் ஊற்றலாம்.

ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே நூறு சதவீதம் ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். கூடாது. தண்ணீரில் கொஞ்சமாவது கார்பனேட் இருந்தால்தான் பி.எச். ஒரு நிலையில் நிற்கும். அது இல்லாவிட்டால் ஒரே இரவில் பி.எச். சரிந்துவிடும். செடிக்கும் கால்சியம், மக்னீசியம் வேண்டும். பண்ணை மீனுக்கு பி.எச். 6.5-ஆ 7.3-ஆ என்பது பெரிய விஷயமில்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறுவதுதான் ஆபத்து. அதனால் பி.எச். இறக்கும் மருந்துப் பாட்டிலை நான் தொடுவதே இல்லை.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்காதீர்கள். தரை துடைக்க, பாத்திரத்துக்கு முதல் அலசு அலச, தென்னைக்கு ஊற்ற ஆகும். ஆனால் ரோஜாத் தொட்டிக்கு ஊற்றி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குழாயில் வரும் அரசுத் தண்ணீர்?

குளோரின் போக்காமல் ஒரு சொட்டும் விடக் கூடாது. சோடியம் தயோசல்பேட், கடையில் ஆன்ட்டி குளோரின் என்றால் தருவார்கள். ஒரு வருடம் பெருமழை வடிந்த வாரத்தில் ப்ளீச்சிங் பவுடர் வாசனை குப்பென்று அடித்தது. வழக்கமான அளவு மருந்தே போதும் என்று சோம்பேறித்தனமாக ஊற்றினேன். மூன்று மீன் போயிற்று. தப்பு முழுக்க என்னுடையது. வாசனை ஏறினால் மருந்தும் ஏற வேண்டும், இல்லையென்றால் அந்த வாரம் தண்ணீர் மாற்றாமலே இருக்கலாம்.

கேன் தண்ணீர் ஊற்றலாமா?

அவசரத்துக்கு ஊற்றலாம். வாரம் பத்துக் கேன் தூக்க உங்களுக்கு முதுகும் பணமும் இருந்தால் தொடர்ந்தும் ஊற்றலாம்.

இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?

கடைக்காரரே சிரித்துக்கொண்டு கேட்ட கேள்வி. மார்கழி விடியலில் தொட்டியில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள், 23, 24 காட்டும். பகலில் 28-க்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மீன் தீனியை விட்டு ஒதுங்கும், வெள்ளைப்புள்ளி நோயும் வரும். ஐப்பசி அடைமழை நாட்களிலும் இதே கதை. 29-ல் நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

300 வாட் ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் 150 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதாகி அணையாமல் எரிந்தாலும் தொட்டி குழம்பாகாது. ஒன்று செத்துப்போனாலும் இன்னொன்று ஓரளவு தாங்கும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். வெளியே தெரிந்தபடி எரிந்தால் கண்ணாடி விரிசல் விடும். வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாவிட்டால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போடுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் தொட்டி கொதிக்கிறதே?

கொதிக்காது, 32, 33 போகும். டிஸ்கஸ் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓட வேண்டும். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். மாலையில் கடல்காற்று ஈரத்தோடு வரும்போது அந்தப் பலன் குறைந்துவிடும். ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாகாதல்லவா. இன்னொன்று: மேல்தொட்டித் தண்ணீரை மத்தியானம் பிடிக்காதீர்கள், அது ரசம் மாதிரி இருக்கும்.

கடலூர் சில்வர் பீச் மணல் போடலாமா? வெள்ளை வெளேர் என்று இருக்கிறதே.

வேண்டாம். கடல் மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். அது கரையக் கரையக் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆர்.ஓ. கலந்து நீங்கள் பட்ட பாடெல்லாம் பாழ். எந்த மணலாக இருந்தாலும் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் தள்ளிவிடுங்கள். குவார்ட்ஸ் மணல் நல்லது. செடி நிற்க இரண்டு அங்குலம் போதும்.

கல் என்றால் கருங்கல் சரி. பவளக்கல், சுண்ணாம்புக்கல் ஆகாது. திருவக்கரை கல்மரத் துண்டு கிடைத்தால் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் சிலிக்காவாக மாறியது அது. தண்ணீரைக் கெடுக்காது என்பது உண்மைதான். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. ஆசையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டையும் வேண்டாம், உப்பு ஊறியிருக்கும். கடையில் விற்கும் வேர்க்கட்டையை இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டு, மூழ்கிய பிறகு வையுங்கள்.

எந்தச் செடிகள் இந்தச் சூட்டைத் தாங்கும்?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். படங்களில் பார்க்கும் பச்சைக் கம்பளம், சிவப்புச் செடி எல்லாம் பெரும்பாலும் 24, 25 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு கொடுத்து வளர்த்தவை. 29-ல் அவை நீண்டு, வெளிறி, அழுகும். மீனுக்கு ஏற்ற செடியைத்தான் நாம் தேட வேண்டும்.

முதல் இடம் அமேசான் வாள்செடிக்கு. டிஸ்கஸின் நாட்டுக்காரச் செடி என்பதால் சூடு பழக்கம். வேருக்குப் பக்கத்தில் மாதம் ஒரு உர மாத்திரை புதைத்தால் அகலமான இலை விட்டு மீனுக்குக் குடை பிடிக்கும். அடுத்தது அனுபியாஸ். இஞ்சி மாதிரி படுத்திருக்கும் அதன் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள். கிரிப்டோகோரைன் நட்ட முதல் இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கூழாகிப்போகும். பயந்து பிடுங்காதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், புது இலை விடும். பின்சுவரை மறைக்க வாலிஸ்னேரியா. ஜாவா ஃபெர்னும் ஒப்பேறும், ஆனால் அதற்கு இந்தச் சூடு அவ்வளவு இஷ்டமில்லை.

நம் ஊர் நீர்ப்பிரமியை மறந்துவிடுகிறோம். பாகூர் பக்கம் வாய்க்கால் ஓரம் கிடக்கும், தண்ணீருக்குள்ளும் வளரும். ஆனால் வயல்வெளிச் செடியில் பூச்சிமருந்தும் நத்தையும் வரும். மூன்று வாரமாவது தனி வாளியில் வைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றிப் பிறகு நடுங்கள்.

விளக்கு 7 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கண் கூசும் வெளிச்சத்தில் டிஸ்கஸ் ஒளிந்துகொள்ளும், அனுபியாஸ் இலை ஓரத்தில் கறுப்புத் தாடிப் பாசி முளைக்கும். தெருவில் உதிரும் நாட்டுப் பாதாம் இலை, நன்றாகக் காய்ந்தது, இரண்டைக் கழுவிப் போடுவேன். தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமாகும், மீன் அமைதியாகும். சாக்கடை ஓரத்தில் பொறுக்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையா?

மேலே சொன்ன செடிகளுக்குத் தேவையில்லை. சூடான தண்ணீரில் ஏற்கெனவே பிராணவாயு குறைவு. இந்த நிலையில் வாயுவை அதிகம் விட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அந்தப் பணத்தில் நல்ல கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர், வாங்குங்கள்.

தொட்டி அமைத்து எத்தனை நாளில் மீன் விடலாம்?

நாலிலிருந்து ஆறு வாரம். மீனின் கழிவில் வரும் அம்மோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அதைச் செடி ஓரளவு தின்னும், மீதியைத் தண்ணீர் மாற்றி நாம் எடுக்கிறோம். இந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேறத்தான் இந்தக் காத்திருப்பு. நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பான்ஞ் கிடைத்தால் பாதி நாள் மிச்சம், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று அதற்கான கிட் காட்டும்வரை மீன் கடைப் பக்கமே போகாதீர்கள்.

குட்டி மீன் விலை குறைவு. அதையே வாங்கி வளர்க்கலாமா?

செடித்தொட்டிக்கு வேண்டாம். இரண்டு அங்குலக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலைந்து வேளை தீனி, அதற்கேற்பத் தண்ணீர் மாற்றம். மணலிலும் செடியிடுக்கிலும் தீனி தங்கி அழுகும். குட்டி உயரம் போடாமல், கண் மட்டும் பெரிதாகத் தெரியும் மீனாக நின்றுவிடும். குட்டி வேண்டுமென்றால் மணலே இல்லாத வெறும் தொட்டியில் வளர்த்துப் பிறகு மாற்றுங்கள். இல்லையென்றால் நாலு அங்குலத்துக்கு மேல் வாங்குங்கள், ஆறையும் ஒரே இடத்தில், ஒரே நாளில்.

நான் சென்னை கொளத்தூர் போய்த்தான் வாங்கினேன். கடையில் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்கிற மீனை மட்டும் எடுங்கள். வெள்ளை நூல் மாதிரிக் கழிவு விடுவது, ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விடுவது, கறுத்து மூலையில் நிற்பது எல்லாம் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நிறம் பற்றி ஒன்று: பிஜன் பிளட் வகைக்குக் கறுப்புப் பின்னணி வைத்தால் உடம்பெல்லாம் மிளகுத்தூள் தூவிய மாதிரிப் புள்ளி வரும். கறுப்புத்தான் பிடிக்கும் என்றால் டர்க்காய்ஸ் வகை எடுங்கள்.

பையிலிருந்து எப்படி விடுவது?

பயணம் ஒரு மணி நேரம் என்றால் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து நிதானமாக விடலாம். சென்னையிலிருந்து நாலு மணி நேரம் வந்த பை வேறு கதை. பைக்குள் பி.எச். இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து வெளித் தண்ணீர் விட்டதும் பி.எச். ஏறி அது விஷமாக மாறும். அதனால் பையை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டை மட்டும் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டுப் பைத் தண்ணீரைக் கொட்டுங்கள். இதற்குத் தொட்டியின் டி.டி.எஸ். கடைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மீட்டரைக் கையோடு கொண்டுபோனால் கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

என்ன தீனி?

துறைமுகம் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இது ஒரு கேள்வியா? இறாலை ஓடு நீக்கி, நரம்பு எடுத்து, கொஞ்சம் பசலைக்கீரையும் ஒரு பல் பூண்டும் சேர்த்து அரைத்து, கவரில் அப்பளம் கனத்துக்குத் தட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியபோது ஒரு துண்டு ஒடித்துப் போடலாம். மாட்டு இருதயம் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்பது டிஸ்கஸ் வளர்ப்பவர்களிடையே பழைய வழக்கம். கொழுப்பைச் சுத்தமாக வெட்டாவிட்டால் தண்ணீர் நாறும். செடித்தொட்டியில் நான் போடுவதில்லை. சாக்கடைப் புழு உயிரோடு விற்பார்கள், டிஸ்கஸ் உயிரை விட்டுத் தின்னும், சமயத்தில் உண்மையிலேயே உயிரை விடும். உறைந்த ரத்தப்புழு, குருணைத் தீனி போதும். இரண்டு வேளை.

கூட வேறு மீன் விடலாமா?

கார்டினல் டெட்ரா, ரம்மி நோஸ், ஸ்டெர்பை கோரி விடலாம், மூன்றும் சூடு தாங்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர்க்காரர், வேண்டாம். ஏஞ்சல் தீனியைப் பறித்துக்கொள்ளும், நோயும் கொண்டுவரும். "பாசி தின்னும்" என்று தலையில் கட்டும் சக்கர் மீன், ராத்திரியில் டிஸ்கஸ் உடம்பில் ஒட்டிச் சளிப்படலத்தைச் சுரண்டும். அதை வாங்கிவிட்டுப் பிறகு ஊசுட்டேரியில் கொண்டுபோய் விடுவது இன்னொரு பாவம். நம் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடப்பதற்குக் காரணமே இப்படி விட்டதுதான்.

புயல் வந்து மின்சாரம் போனால்?

இந்தக் கரையில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் டிஸ்கஸ் வாங்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தது. கடலூர்ப் பக்கம் பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே ஏறியபோது கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பிராணவாயுதான் முதலில் தீரும், சூடு மெதுவாகத்தான் இறங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு, ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர் எப்போதும் கையில் இருக்கட்டும். இன்வெர்ட்டரில் ஏர் பம்பைக் கொடுங்கள், ஹீட்டரைக் கொடுக்காதீர்கள், சீக்கிரம் உறிஞ்சிவிடும். தொட்டியைச் சுற்றிப் போர்வை போர்த்துங்கள். தீனி நிறுத்துங்கள். வளர்ந்த மீன் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே தண்ணீரை மாற்றிவிட்டு, டிரம்மிலும் கலந்து வையுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் மின்சாரம் திரும்பி வந்த பிறகுதான். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே பாக்டீரியா செத்து நாறிப்போயிருக்கும். அப்படியே சுவிட்சைப் போட்டால் அந்த நாற்றம் முழுதும் தொட்டிக்குள் வரும். திறந்து கொட்டி, தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

மீன் கறுத்துப்போய் மூலையில் நிற்கிறது. என்ன மருந்து?

மருந்துக்கு முன்னால் கிட்டை எடுங்கள். அம்மோனியா, நைட்ரைட், சூடு பாருங்கள். பத்துக்கு எட்டுத் தடவை காரணம் அங்கேதான் இருக்கும். பாதித் தண்ணீரை மாற்றினாலே நிறம் திரும்பும். வெள்ளை நூல் கழிவும் பட்டினியும் சேர்ந்தால் குடலில் ஒட்டுண்ணி. மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள், அளவை விவரம் தெரிந்தவரிடம் கேட்டு, தனித் தொட்டியில் கொடுங்கள். செடித்தொட்டியில் உப்பையும் மருந்தையும் கொட்டினால் செடியும் போகும், ஃபில்டரும் போகும். புது மீன் எதுவானாலும் நாலு வாரம் தனித் தொட்டியில் இருந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

முட்டை போட்டிருக்கிறது! இனி என்ன?

வேடிக்கை பாருங்கள். வாள்செடி இலையிலோ ஃபில்டர் குழாயிலோ வரிசையாக ஒட்டிவிட்டு, ஜோடி மாறி மாறி விசிறும். கடினத் தண்ணீரில் முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். மென்மையான தண்ணீர் என்றால் இரண்டரை, மூன்று நாளில் பொரிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் குஞ்சு நீந்தத் தொடங்கித் தாய் தகப்பன் இரண்டின் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு மேயும். தோலில் சுரக்கும் சளிதான் குஞ்சுக்குப் பால். ஒன்று களைத்தால் உடம்பை ஒரு உதறு உதறும், அத்தனை குஞ்சும் இன்னொன்றின் மேல் தாவும்.

குஞ்சைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் முதல் ஈட்டை இரவோடு இரவாக டெட்ராக்கள் தின்றுவிட்டன. பத்து நாள் கழித்து அதே குழாயில் மறுபடி போட்டது. இப்போது மகள் இரண்டு அடித் தொட்டி ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.